பெரிய மார்க்கெட் பக்கத்து வாட்ச் கடை: அப்பாவின் கிங் சீகோவை நம்பிக் கொடுத்தேன்

புதுச்சேரியிலோ கடலூரிலோ பழைய சீகோ வாட்சை நம்பிக் கொடுக்க ஆள் உண்டா என்று யாராவது கேட்டால் இனிமேல் யோசிக்காமல் சொல்வேன், உண்டு, புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கத்தில் ஒரு சந்துக்குள் உட்கார்ந்திருக்கிறார். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குப் பின்னால் ஒரு ஸ்டூல், தலைக்கு மேலே ஒரு டியூப்லைட், அவ்வளவுதான் கடை. எழுபதை நெருங்கும் பெரியவர் ஒருவர், கூடவே அவருடைய மகன். மார்க்கெட் மணிக்கூண்டை விட்டு இறங்கி, பூக்கடை வரிசையைத் தாண்டி, யாரிடமாவது "பழைய வாட்ச் பார்க்கிற ஐயா" என்று கேட்டால் காட்டுவார்கள். நானும் அப்படிக் கேட்டுத்தான் போனேன்.

கொண்டு போனது அப்பாவின் வாட்ச். அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். எங்கள் ஊர் கடலூர் முதுநகர், எங்கள் தெருவில் அந்தத் தலைமுறையில் இன்னும் சிலரும் கப்பலுக்குப் போயிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே எங்கேயோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய வாட்ச் என்று மட்டும் வீட்டில் பேச்சு. கல்யாணம், காதுகுத்து, பாடலீஸ்வரர் கோயில் தேர் என்றால் கட்டுவார், வீட்டுக்கு வந்ததும் துடைத்து ஒரு பவுடர் டப்பாவுக்குள் வைத்து பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் வைத்துவிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா போய்விட்டார். பீரோவை ஒழுங்கு பண்ணும்போது அம்மா அந்த டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். ஆட்டினால் ஒரு நிமிஷம் ஓடும், நின்றுவிடும்.

டயலில் 'கிங் சீகோ' என்று போட்டிருந்தது. அதுதான் பிரச்சினையே. நம்ம ஊரில் சீகோ என்றால் சீகோ ஃபைவ், சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்தவர்கள் கையில் எல்லாம் அதுதான். மாமா வாங்கிப் பார்த்துவிட்டு, "கிங் சீகோன்னு ஒண்ணு கேள்விப்பட்டதே இல்லையே, கப்பல்காரனுக்கு எவனோ டூப்ளிகேட்டைத் தள்ளிவிட்டிருக்கான்" என்றார். வேறொரு ஊரில் ஒரு பெரிய கடையில் காட்டினேன். அவர் மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. "டூப்ளிகேட்தான் மேடம், உள்ளே இருக்கிறதைத் தூக்கிப் போட்டுட்டு பேட்டரி மிஷின் வெச்சுத் தர்றேன், டயலுக்கும் புதுசா பெயிண்ட் அடிச்சிடலாம், அறுநூறு ரூபா ஆகும்" என்றார். அப்பாவை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது எனக்கு ஆறவே இல்லை. வாட்சை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தப் பெரியவரிடம் போன அன்று நல்ல வெயில். வாட்சை வாங்கினார், உடனே திறக்கவில்லை. முதலில் ஒரு மெல்லிய துணியால் பின்பக்கத்தைத் துடைத்தார். அப்புறம் ஐகிளாஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தவர் பத்து நிமிஷம் எதுவும் பேசவில்லை. பிறகு என்னையும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, இன்னொரு ஐகிளாஸைக் கையில் கொடுத்து, "இது யாரு வாட்சும்மா? டூப்ளிகேட்னு எவன் சொன்னான்? வாம்மா, நீயே படி" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகவே இந்தக் கடைக்கு முழு மார்க் கொடுப்பேன். இது இன்னது என்று தீர்ப்பு சொல்லி அனுப்பிவிடாமல், எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார்.

அவர் காட்டியதை அப்படியே எழுதுகிறேன், உங்கள் வீட்டு பீரோவிலும் ஒன்று கிடக்கலாம். பின்பக்கம் நடுவில் தங்க நிறத்தில் ஒரு சின்ன வில்லை, அதில் கேடயத்துக்குள் கே, எஸ் என்று இரண்டு எழுத்து. தேய்ந்திருந்தாலும் விரல் நகத்தால் தடவினால் எழுத்தின் மேடு தட்டுப்படுகிறது. அதைச் சுற்றி எண்கள். ஒன்று 5626, பக்கத்தில் 7000. முதல் நான்கு இலக்கம் உள்ளே இருக்கிற மிஷினின் எண், அடுத்த நான்கு கேஸின், அதாவது வெளிக்கூட்டின் எண். சீகோவில் பெரும்பாலும் இதுதான் வழக்கம். டயலின் அடியில், ஆறு மணிக் கோட்டுக்கும் கீழே, கண்ணாடி ஓரத்தில், வெறும் கண்ணுக்குக் கோடு போலத் தெரிகிற பொடி எழுத்து. ஐகிளாஸில் பார்த்தால் அதுவும் 5626 என்றுதான் தொடங்குகிறது. பின்பக்க எண்ணும் டயல் எண்ணும் ஒரே மிஷினைச் சொல்கிறதா என்பது முதல் கேள்வி. சொல்லாவிட்டால் எங்கேயோ டயல் மாறியிருக்கிறது, அல்லது மிஷின் மாறியிருக்கிறது.

அடுத்தது தொடர் எண். எங்கள் வாட்சில் அது 2டி என்று தொடங்கி நான்கு இலக்கத்தில் முடிகிறது. முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை 1 முதல் 9, அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. அப்படியானால் ஏதோ ஒரு 2-இல் முடிகிற வருஷத்து டிசம்பர். 1962-ஆ, 72-ஆ, 82-ஆ? அதைத் தொடர் எண் மட்டும் சொல்லாது, மிஷின் எண்தான் சொல்லும். 56 வரிசை மிஷின் கிங் சீகோவில் வந்தது 1968-இல், எழுபதுகளின் நடுவிலேயே கிங் சீகோ நின்றுவிட்டது. அதனால் 1972 டிசம்பர்தான், வேறு இருக்க முடியாது. இதை அவர் வாயால் சொல்லவில்லை, ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று வருஷத்தையும் எழுதி, இரண்டை அடித்துக் காட்டினார்.

அப்புறம் கிழமை. கிழமைக் கட்டத்தில் ஆங்கில எழுத்து நின்றிருந்தது. அவர் முள்ளை நள்ளிரவு தாண்டிச் சுற்றினார். ஆங்கிலத்துக்குப் பதிலாக ஒரு சித்திர எழுத்து வந்து உட்கார்ந்தது, நடுவில் குறுக்குச் சட்டம் வைத்த ஜன்னல் மாதிரி, சிவப்பில். ஞாயிற்றுக்கிழமை. நான் முப்பது வருஷமாக அந்த வாட்சைப் பார்க்கிறேன், அந்த எழுத்தைப் பார்த்ததே இல்லை. ஜப்பானில் விற்க என்று செய்த வாட்சில்தான் இந்த எழுத்து இருக்கும், வளைகுடாப் பக்கம் போனதில் அரபி இருக்கும் என்றார். கிங் சீகோ பெரும்பாலும் ஜப்பானுக்குள்ளேயே விற்ற சரக்கு, அதனால்தான் நம்ம ஊரில் கண்ணிலேயே படவில்லை, மாமா கேள்விப்படாததற்கும் அதுதான் காரணம். வீட்டுக்கு வந்து அந்த ஏழு எழுத்துக்கும் பொருள் தேடினேன். ஞாயிறுக்குச் சூரியன், திங்களுக்கு நிலா, செவ்வாய்க்கு நெருப்பு, புதனுக்கு நீர், வியாழனுக்கு மரம், வெள்ளிக்குப் பொன், சனிக்கு மண். நெருப்பும் நீரும் மரமும் அந்தந்தக் கோளுக்கு அவர்கள் வைத்த பெயரில் இருக்கிற எழுத்துகள்தான். நாமும் ஞாயிறு, திங்கள் என்று அதே சூரியனையும் நிலாவையும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அப்பா கையில் இது இத்தனை வருஷம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது!

அன்று ராத்திரியே அம்மாவிடம் அப்பாவின் சி.டி.சி. புத்தகத்தை, அதாவது கப்பல்காரர்களின் பணிப் பதிவுப் புத்தகத்தை, கேட்டு வாங்கினேன். கப்பலில் ஏறின தேதி, இறங்கின தேதி, முத்திரை எல்லாம் அதில் இருக்கும். 1973 மார்ச்சில் கோபே துறைமுகத்தில் ஒரு பதிவு இருக்கிறது. டிசம்பரில் செய்த வாட்ச், மூன்று மாதம் கழித்து அதே நாட்டில் அப்பா. யாரும் அவரை ஏமாற்றவில்லை. முழு விலை கொடுத்து நல்ல கடையில் வாங்கியிருக்கிறார், அதுவும் அந்த வயதில், அந்தச் சம்பளத்தில்.

கிங் சீகோ என்றால் என்ன என்று அதற்குப் பிறகுதான் முறையாகப் படித்தேன். சீகோவை ஆரம்பித்தவர் கிண்டாரோ ஹத்தோரி, 1881-இல் தோக்கியோவில் ஒரு கடிகாரக் கடையாக. 1913-இல் லாரல் என்று ஜப்பானின் முதல் கைக்கடிகாரம் அவர்களிடமிருந்து வந்தது. நம் கதைக்குத் தேவையானது என்னவென்றால், வாட்ச் செய்ய அவர்களிடம் இரண்டு தனித்தனி நிறுவனங்கள் இருந்தன. ஒன்று தோக்கியோவின் கமெய்தோ பகுதியில் தைனி செய்கோஷா, இன்னொன்று நாகனோ மலைப்பகுதியில் சுவா செய்கோஷா. இரண்டும் ஒரே பெயரில் விற்றன, ஆனால் ஒன்றை ஒன்று முந்தப் போட்டி போட்டன. 1960-இல் சுவா முதல் கிராண்ட் சீகோவைக் கொண்டுவந்தது, விலை 25,000 யென். அப்போது அங்கே ஒரு பட்டதாரி வேலைக்குச் சேர்ந்தால் கிடைக்கிற மாதச் சம்பளத்தைவிட அது நிறைய அதிகம். அடுத்த வருஷமே தைனி கிங் சீகோவை இறக்கியது. அதற்கப்புறம் இரண்டு பேரும் இரண்டு பெயரிலும் செய்தார்கள். டயலில் ஆறு மணிக்கு மேலே இருக்கிற பொடிச் சின்னத்தைப் பார்த்தால் எந்தப் பட்டறை என்று தெரிந்துவிடும், மின்னல் கீற்று மாதிரி இருந்தால் தைனி, சுழித்த மாதிரி இருந்தால் சுவா. அப்பாவுடையது சுவா.

அந்தப் போட்டி வீண்போகவில்லை. 1968-இல் ஜெனீவா வான்காணகத்தின் துல்லியப் போட்டியில் சீகோவின் இயந்திரக் கடிகாரங்கள் 4-ஆம் இடத்திலிருந்து 10-ஆம் இடம் வரை வரிசையாகப் பிடித்தன. முன்னால் இருந்த மூன்றும் சுவிஸ் குவார்ட்ஸ், அதாவது பேட்டரியில் ஓடுகிறவை. அதே வருஷம் வினாடிக்குப் பத்து துடிப்பு, அதாவது மணிக்கு 36,000 துடிக்கிற மிஷின்கள் கிராண்ட் சீகோவில் வந்தன. அப்பாவின் 5626 மணிக்கு 28,800, வினாடிக்கு எட்டு. ஹெச்எம்டி ஜனதா கட்டியவர்களுக்கு வித்தியாசம் காதிலேயே தெரியும், அது வினாடிக்கு ஐந்து. ஜனதா தனித்தனியாக டிக் டிக் என்று எண்ணுகிற மாதிரி இருக்கும், இது மழைத்தூறல் ஓட்டில் விழுகிற மாதிரி ஒரே சரசரப்பு. இதெல்லாம் உச்சத்தில் இருக்கும்போதே, 1969 டிசம்பர் 25-ஆம் தேதி, அதே சீகோ 4,50,000 யென் விலையில் ஆஸ்ட்ரான் என்று உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. அதற்குப் பிறகு சாவியும் ஸ்பிரிங்கும் யாருக்கு வேண்டும்? சில வருஷத்தில் கிராண்ட் சீகோவும் கிங் சீகோவும் நின்றன. கிராண்ட் சீகோ பிறகு திரும்பி வந்து 2017-இல் தனி பிராண்டாகவே ஆகிவிட்டது, கிங் சீகோவும் இப்போது மறுபடி வருகிறது. ஆனால் அப்பா வாங்கியது அந்தப் பழைய வரிசையின் கடைசி சில வருஷங்களில் ஒன்று. குவார்ட்ஸ் வந்ததால் நின்றுபோன வாட்சுக்குள் ஒரு குவார்ட்ஸ் மிஷினை வைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். எங்கள் வாட்சின் கேஸ் ஒரே துண்டு, பின்மூடி கழலாது. கண்ணாடியை எடுத்து முன்பக்கமாகத்தான் மிஷினை வெளியே எடுக்க வேண்டும். இது தெரியாமல் பின்பக்கம் கத்தியை விட்டு நெம்பிக் கெடுத்தவை நிறைய என்றார், கெட்டுப்போன ஒரு கேஸையும் டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டினார், ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி. அப்பாவின் வாட்சைத் திறக்கும்போது நான் பக்கத்திலேயே இருந்தேன், இருக்கச் சொன்னார். பட்டை மாட்டுகிற இரண்டு கொம்புக்கும் நடுவில் ஒரு குட்டித் திருகு இருந்தது. நான் அழுக்கு என்று நினைத்திருந்தேன். அதைக் கழற்றினால் உள்ளே வேகத்தைத் திருத்துகிற அமைப்புக்கு வழி. "திறக்காமலே டைம் திருத்த வழி வெச்சிருக்கான் பாரும்மா, பின்னாடி வர்ற மெக்கானிக்கையும் யோசிச்சிருக்கான்" என்றார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நாகனோவில் யோசித்த ஒருவரை, இங்கே சந்துக்குள் உட்கார்ந்து ஒரு பெரியவர் மனதாரப் பாராட்டுகிறார். எனக்குப் பிடித்துப்போனது.

கழுவுவதற்கு முன்னால், வாட்ச் ஓடுகிற வேகத்தை அளக்கிற டைமிங் மெஷினில் வைத்தார். ஆட்டம், அதாவது உள்ளே பேலன்ஸ் சக்கரம் ஒரு பக்கமாகச் சுழல்கிற அளவு, 180 பாகைக்கும் கீழே, ஒரு நாளைக்கு ஐம்பது வினாடி வேகம், கோடு திரையில் மேலும் கீழும் சிதறியிருந்தது. உள்ளே ஆயில் காய்ந்து பிசினாகியிருந்தது. நம் கடற்காற்றுக்குச் சாவித் தண்டில் துரு, ஆனால் மிஷின் தகட்டில் ஒரு புள்ளிகூட இல்லை, அந்தப் பவுடர் டப்பா காப்பாற்றியிருக்கிறது. பெட்ரோலில் முக்கி எடுத்து மாட்டுகிற வேலை இங்கே இல்லை. முழுவதும் பிரித்து, ஒவ்வொன்றாகக் கழுவி, மூன்று விதமான மோபியஸ் ஆயிலை இடத்துக்கு இடம் மாற்றி வைக்கிறார். வேகமாகச் சுழல்கிற இடத்துக்கு மெல்லியது, மெதுவாகப் பாரம் தாங்குகிற இடத்துக்குக் கெட்டியானது. ஊசி முனையில் ஆயிலைத் தொட்டு அதிர்ச்சி தாங்குகிற டயாஷாக் கல்லின் மேல் வைத்தபோது மூச்சை அடக்கிக்கொண்டார், நானும்தான். முடிந்த பிறகு ஆட்டம் 255, ஒரு நாளைக்கு ஐந்து வினாடி வேகம், திரையில் கோடு நூல் பிடித்த மாதிரி. மூன்று மாதமாகக் கட்டுகிறேன், இன்றும் ஐந்து, ஆறு வினாடிக்குள்தான்.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. 56 வரிசையில் தேதியையும் கிழமையையும் வேகமாக மாற்றுகிற அமைப்பில் ஒரு பிளாஸ்டிக் பாகம் இருக்கிறது, காலப்போக்கில் அது வெடித்துப் பல் போய்விடும். இந்த வரிசைக்கு இது தெரிந்த நோய். எங்களுடையதிலும் உடைந்திருந்தது. வெள்ளையாக, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக, நடுவில் கீறல் விட்டு அவர் உள்ளங்கையில் கிடந்தது. ஒட்டித் தரலாமே என்றேன். "ஒட்டினா பத்து நாள் வரும், அப்புறம் தூள் சக்கரத்துக்குள்ள போகும், அதை நான் செய்ய மாட்டேன்" என்றார். செத்த மிஷின் ஏதாவது கையில் வந்து அதில் நல்ல பாகம் கிடைத்தால் போன் பண்ணுகிறேன் என்று சொல்லி நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டார். இன்னும் கிடைக்கவில்லை. அதுவரை முள்ளை நள்ளிரவு தாண்டி முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டித்தான் தேதி வைக்கிறேன். உங்களிடம் 56 வரிசை இருந்து தேதி மாற்றம் இன்னும் வேலை செய்தால், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், விடிகாலை வரை, அதைத் தொடாதீர்கள். தேதிச் சக்கரம் தானாக நகர்கிற நேரம் அது, அப்போது நாமும் திருகினால் அந்தப் பிளாஸ்டிக்தான் அடி வாங்கும்.

இந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் செய்ய மறுத்தவை. கேஸில் கீறல் நிறைய, கயிறு உரசினதோ என்னவோ. பாலிஷ் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன். டியூப்லைட்டுக்குக் கீழே வாட்சைச் சாய்த்துக் காட்டினார். கொம்பின் மேல் பரப்பு தட்டையாக, கண்ணாடி மாதிரி. அது முடிந்து பக்கப் பரப்பு தொடங்குகிற இடத்தில் விளக்கு வெளிச்சம் ஒரு கோடாக முறிகிறது, வளையவில்லை. 1967-இல் தரோ தனாகா என்ற வடிவமைப்பாளர் 44 கிராண்ட் சீகோ என்ற மாடலில் நிலைநிறுத்திய பாணி இது. தட்டையான பரப்பு, அலையில்லாத பிம்பம், கூர்மையான விளிம்பு என்று அந்தக் காலத்துக் கிராண்ட் சீகோ, கிங் சீகோ எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம். இதில் நம்ம ஊர் பஃப் சக்கரத்தை ஒரு தடவை ஓட்டினால் அந்த விளிம்பு சோப்புக்கட்டி மாதிரி மழுங்கிவிடும், திரும்ப வராது. "கீறல் உங்க அப்பா போட்டதும்மா. விளிம்பு அவங்க போட்டது. ரெண்டுல எதையும் நான் எடுக்க மாட்டேன்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் கண்டிப்பு இருந்தது. டயலில் நாலு மணிப் பக்கம் ஒரு பழுப்புப் புள்ளி. அதையும் தொடவில்லை. இன்றைக்கு எனக்கு அந்தப் புள்ளி அப்பா நெற்றியில் இருந்த மச்சம் மாதிரி.

டயல் பெயிண்ட் விஷயத்தில் அவர் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பது இரண்டாவது தடவை போனபோது புரிந்தது. அதற்குள் எனக்கு ஆசை பிடித்துவிட்டது, நடைபாதையில் விரித்திருந்த ஒருவரிடம் பளபளவென்று நீல டயல் வைத்த பழைய சீகோ ஃபைவ் ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு போனேன். ஐகிளாஸை என் கையில் கொடுத்துவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார், வந்து கேட்கிறேன் என்று. பார்த்தேன். சீகோ என்ற பெயர் ஒட்டின எழுத்தாக இல்லாமல் அச்சாக இருந்தது, அச்சின் ஓரம் மை பரவித் தடித்திருந்தது. ஆறு மணிக்குக் கீழே இருக்க வேண்டிய பொடி எண் இல்லவே இல்லை. நிமிஷக் கோடுகள் மணிக் கோட்டோடு நேராக நிற்கவில்லை, மூன்று மணிக்கிட்ட கொஞ்சம் விலகியிருந்தது. கிழமைக் கட்டத்தின் வெட்டு ஓரத்தில் பழைய வெள்ளிப் பூச்சு எட்டிப் பார்த்தது. டீ முடிந்து வந்தவரிடம் நான்கையும் சொன்னேன். "அஞ்சாவதும் இருக்கு" என்று பின்மூடியைக் காட்டினார். மூடி எண் 7009 என்றது, உள்ளே திறந்தால் வேறு மிஷின். மூன்று வாட்சைப் பிரித்து ஒன்றாகச் சேர்த்தது. இதை ஊரெல்லாம் விற்கிறார்கள், வெளிநாட்டில் வாட்ச் சேர்ப்பவர்கள் இந்தியாவிலிருந்து வருகிற இந்த மாதிரிச் சரக்குக்கு மும்பை ஸ்பெஷல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கட்டிக்கொள்ள ஆசையாக இருந்தால் கட்டிக்கொள்ளலாம், ஓடும், ஆனால் பழைய வாட்ச் என்று நினைத்து விலை கொடுக்காதீர்கள். அடிப்படை ஒன்றுதான், ஐம்பது வருஷத்து வாட்சின் டயல் நேற்று அச்சடித்த மாதிரி இருந்தால் அது நேற்று அச்சடித்ததுதான். அவர் அதைக் காசு வாங்கிச் சர்வீஸ் செய்ய மறுத்துவிட்டார், "இதுக்குச் செய்யற செலவு வேண்டாம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். வியாபாரம் வேண்டாம் என்று சொல்கிற கடையை எத்தனை பார்த்திருக்கிறீர்கள்?

குறைகளும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. இரண்டு வாரம் என்றார், ஐந்து வாரம் ஆனது. போன் பண்ணினால் எடுப்பதில்லை, நான் கடலூரிலிருந்து பஸ் ஏறி, அரியாங்குப்பம் நெரிசலைத் தாண்டி இரண்டு தடவை வந்து வெறுங்கையோடு திரும்பினேன். ரசீது கிடையாது, வாட்சை வாங்கும்போது ஒரு காகித உறையில் பெயரை எழுதி உள்ளே போட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான். இவ்வளவு மதிப்புள்ள பொருளைக் கொடுக்கும்போது பின்பக்க எண்களை எழுதி ஒரு துண்டுச் சீட்டாவது கொடுத்தால் கொடுக்கிறவர் மனம் நிம்மதியாக இருக்கும், மகனிடம் இதைச் சொன்னேன், செய்கிறேன் என்றார். தண்ணீர் புகாதா என்று சோதிக்கிற கருவி இல்லை. ரப்பர் வளையம் புதிதாகப் போட்டாலும், மழையில் கட்ட வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுக்கிறார். மகன் பேட்டரி வேலையும் பட்டை வேலையும் நன்றாகச் செய்கிறார், ஆனால் இந்தப் பழைய மிஷின்களில் இன்னும் பெரியவர்தான் கை வைக்கிறார், அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, ஒரு நாளைக்கு ஒரு வாட்சுக்கு மேல் பிரிப்பதில்லை. தாமதத்துக்குக் காரணம் அதுதான் என்று தெரிந்த பிறகு எனக்குக் கோபம் போய்விட்டது.

மொத்தம் 3,200 ரூபாய் ஆனது, முழு சர்வீஸ், சாவித் தண்டு, ரப்பர் வளையம், எல்லாம் சேர்த்து. செய்த வேலைக்கு இது குறைவு என்றுதான் சொல்வேன். ரொக்கம் கொண்டு போங்கள், போன் பே எல்லாம் மகன் இருக்கும்போது மட்டும்தான். காலையில் பதினோரு மணிக்கு மேல், சாப்பாட்டுக்கு முன்னால் போனால் பேச நேரம் கிடைக்கும், சாயங்காலம் மார்க்கெட் கூட்டத்தில் நிற்கவே முடியாது. போகும்போது வாட்சோடு சேர்த்து, அதைப் பற்றி வீட்டில் என்ன காகிதம் இருந்தாலும் எடுத்துப் போங்கள், பழைய பில், பாஸ்போர்ட், கட்டியிருக்கிற போட்டோ, எதுவானாலும். நான் அப்பாவின் சி.டி.சி. புத்தகத்தைக் கொண்டு போய்க் காட்டியபோது, கோபே முத்திரை இருந்த பக்கத்தை ஐகிளாஸ் வைத்துப் படித்துவிட்டு, வாட்சை அந்தப் பக்கத்தின் மேலேயே வைத்துக் கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கிழமையை ஜப்பான் எழுத்தில் நிறுத்தி என்னிடம் கொடுத்தார். அம்மா இப்போது தினமும் காலையில் அதை வாங்கிப் பார்த்து, இன்றைக்கு நெருப்பா, நீரா என்று கேட்கிறார்.